பக்கெட் நிறைய எத்தனை நிமிஷம்?

— பக்கெட்டைப் பத்திப் பேசறதா இருந்தா இப்பவே ஃபோனை வெச்சிடறேன். காலையில பட்டது போதும் எனக்கு.

— வெச்சிடாதே, வெச்சிடாதே! கேளு, ஒரே ஒரு நிமிஷம் கேளு. பக்கெட்டைப் பத்தித்தான். ஆனா சண்டை இல்ல.

— என்னங்க நீங்க! நான் கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருக்கேன். எதிர்ல அஞ்சு ஸ்க்ரீன் ஓடுது. பாதி ஊருக்குத் தண்ணி போறதை ஒத்தை ஆளா பாத்துக்கிட்டிருக்கேன். வீட்ல உக்காந்து புத்தகத்துக்குப் பிழை திருத்தற வேலை உங்களுக்கு. அதைப் பாக்காம...

— பிழைதான் கண்டுபிடிச்சிருக்கேன், இன்ஜினியரம்மா! உன் ஆபீஸ்லயே பெரிய பிழை!

— அடேங்கப்பா. சமையலறை வாசல்ல மூணு பக்கெட்டை வரிசையா வெச்சா, அவசரமா ஓடற பொண்டாட்டி தடுக்கி விழுவாளேன்னு கண்டுபிடிக்கத் தெரியல. ஆபீஸ்ல பிழை கண்டுபிடிச்சுட்டாராம்.

— நீ விழுந்தது என் தப்புதான். ஒத்துக்கறேன். கோவத்துல மூணு பக்கெட்டையும் சாக்கடையில கவுத்துட்டுப் போனியே, அதையும் மறந்துட்டேன். போதுமா? இப்பக் கேளு.

— முழங்கால் இன்னும் வலிக்குது.

— மருந்து தேய்ச்சு விடறேன். சாயங்காலம் வா. இப்பக் கேளேன்!

— நீங்க முதல்ல கேளுங்க. காய் கழுவின தண்ணி, கை கழுவின தண்ணி, துணி அலசின தண்ணி, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நாலு பக்கெட். பக்கெட்டுக்குப் பதினஞ்சு லிட்டர், மொத்தம் அறுபது. எங்க குழாய்ல விடற தண்ணியில நூத்துக்கு முப்பது பங்கு எங்க போகுதுன்னே எங்களுக்குத் தெரியாது. அவ்வளவு காணாமப் போகுது. நீங்க மிச்சம் பிடிக்கறது எந்த மூலைக்குங்க? கணக்கு என்ன சொல்லுதுன்னு பாக்க வேண்டாமா?

— சரி, ஒரு கேள்வி. ஷவரை விட்டுட்டு நான் பக்கெட்ல குளிக்க ஆரம்பிச்சு எத்தனை வருஷம்?

— மூணு. தெருவே அறியும். நீங்கதான் பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்றீங்களே.

— பக்கெட் நிறையற வரைக்கும் நான் என்ன செய்வேன்?

— கதவைச் சாத்திக்கிட்டுக் குளிக்கறவர் என்ன செய்வார்னு எனக்கெப்படித் தெரியும்?

— எண்ணுவேன்! சும்மா நிக்க முடியாம எண்ணுவேன். மூணு வருஷமா பக்கெட் நிறைய ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். மழையோ வெயிலோ, அஞ்சு செகண்ட் இப்படி, அஞ்சு செகண்ட் அப்படி. பதினெட்டு நாளா எவ்வளவு தெரியுமா? மூணு நிமிஷம் நாப்பது!

— குழாய் முனையில அழுக்கு அடைச்சிருக்கும்.

— கழட்டிக் கழுவிட்டேன்.

— அப்போ எண்ணும்போது தூங்கியிருப்பீங்க.

— அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துச்சு. அதனாலதான் இன்னிக்குப் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

— என்னது?

— அங்கயும் மூணு நாப்பது. அதுக்கு அடுத்த வீடு, மூணு முப்பத்தஞ்சு. அப்புறம் எதிர் வரிசை...

— பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு வீடு வீடா போனீங்களா?

— பதினோரு வீடு.

— ஐயோ, என் மானம்! நாளைக்கு நான் அந்தத் தெருவுல எப்படிங்க நடப்பேன்?

— நீ நடக்க அந்தத் தெரு இருக்குமான்னே தெரியல, அதுக்குத்தான் கூப்பிட்டேன்! கேளு. தெரு முனையில இருக்கற மூணு வீட்ல பக்கெட் ரெண்டு நிமிஷத்துல நிறையுது. தையல் கடையைத் தாண்டினா இந்தப் பக்கம் இருக்கற எட்டு வீட்லயும் மூணரைக்கு மேல. மூணுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன இருக்கு? தையல் கடை வாசல் லைட் கம்பம். தண்ணி அங்கதான் எங்கயோ ஓடிப் போகுது!

— ரோட்டுல ஈரம் இருக்கா?

— எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு.

— பின்ன? அவ்வளவு தண்ணி போனா மேல வராதா? உங்களுக்கு வேலை இல்லாட்டி எனக்கும் இல்லைன்னு நினைச்சுக்காதீங்க.

— மழைத்தண்ணி போற கால்வாய் ரோட்டுக்குக் கீழ ஓடுதே, அதோட மூடிக் கம்பி வழியா டார்ச் அடிச்சுப் பாத்தேன். மழை பேஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. உள்ள தண்ணி ஓடுது. தெளிஞ்ச தண்ணி. அடியில மணல் அப்படியே உருண்டுக்கிட்டுப் போகுது.

— மணலா?

— மணல். புதுசா, செவப்பா.

— இருங்க. ஒண்ணு பாக்கறேன்.

— என்ன பாக்கற?

— நம்ம பகுதிக்கு நேத்து ராத்திரி மூணு மணிக்கு எவ்வளவு தண்ணி போச்சுன்னு. ஊரே தூங்கற நேரம், யாரும் குழாயைத் திறக்க மாட்டாங்க. போன மாசம் அந்த நேரத்துக்கு மணிக்கு ஒம்பதாயிரம் லிட்டர். எப்பவும் அவ்வளவுதான் இருக்கும். நேத்து... இருங்க, நம்பர் தப்பா இருக்கும் போல.

— எவ்வளவு?

— நாப்பத்தோராயிரம்.

— நாப்பத்தி...

— முந்தாநாளும் நாப்பது. அதுக்கு முந்தின நாள் முப்பத்தெட்டு. ஏறிக்கிட்டே வந்திருக்குங்க! பகல்ல ஏறினதைக் கோடைன்னு நாங்க பேசாம இருந்துட்டோம், எல்லாரும் கூடுதலா புழங்கறாங்கன்னு. தூங்கற ஊருக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி?

— சொன்னேனா இல்லையா! சொன்னேனா இல்லையா!

— குதிக்காதீங்க. மணிக்கு முப்பத்திரண்டாயிரம் லிட்டர் மண்ணுக்குள்ள போகுது. நீங்க வருஷம் பூரா மிச்சம் பிடிக்கறதை அது நாப்பது நிமிஷத்துல குடிச்சிடும்.

— நாப்பது நிமிஷமா! என் ஒரு வருஷமா!

— சிரிக்கற விஷயமில்லைங்க. தண்ணியோட மணலும் போகுதுன்னா ரோட்டுக்குக் கீழ மண்ணே இல்லைன்னு அர்த்தம். நீங்க இப்ப எங்க நிக்கறீங்க?

— லைட் கம்பத்துக்கிட்ட. ஜன்னல் திரைக் கம்பியைக் கழட்டிக் கொண்டாந்திருக்கேன். ஒரு முனையை ரோட்டுல ஊனி மறு முனையில காதை வெச்சா... அம்மாடி! இந்தா, ஃபோனை வெக்கறேன், நீயே கேளு.

— ...கேக்குது. கேக்குதுங்க! ஸ்ஸ்னு ஒரே இரைச்சலா இருக்கு. சரி, இப்ப அந்தக் கம்பியால ரோட்டைத் தட்டுங்க. மெதுவா. முதல்ல ஓரமா ஒரு இடத்துல.

— டக் டக்னு கேக்குது.

— நடுவுல?

— தொம் தொம்னு. காலி பீப்பாயைத் தட்டற மாதிரி.

— நகருங்க! உடனே ஓரத்துக்குப் போங்க! ஓடாதீங்க, மெதுவா காலை எடுத்து வெச்சுப் போங்க. போயிட்டீங்களா?

— போயிட்டேன். சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கறேன், பல்லி மாதிரி. நீ குழாயை மூடு!

— மூடணும்னா எங்க ஆபீஸ் பெரியவர் சொல்லணும். நாலாயிரம் வீட்டுக்குத் தண்ணி நிக்கும். மீட்டிங்ல இருக்கார், இன்னொரு ஃபோன்ல அடிச்சுக்கிட்டிருக்கேன், எடுக்கலை... மறுபடி அடிக்கறேன்... எடுக்கலைங்க.

— எழுத்துல ஒரு புள்ளி விட்டுப் போச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன், வெச்சிடுவேன்.

— இது புள்ளி இல்லைங்க, நாலாயிரம் வீடு! தப்பாப் போனா என் வேலை போயிடும். புருஷன் பக்கெட்டை எண்ணினார், அதனால மூடினேன்னா சொல்ல முடியும்?

— ஐயோ!

— என்ன? என்ன ஆச்சு?

— லாரி வருது. தண்ணி லாரி! முனையில திரும்பிடுச்சு!

— எவ்வளவு பெரிசு?

— பெரிசு. முழுசா ரொம்பி வழிஞ்சுக்கிட்டு வருது.

— பன்னிரண்டாயிரம் லிட்டர்னா தண்ணி மட்டுமே பன்னிரண்டு டன்! நிறுத்துங்க! எப்படியாவது நிறுத்துங்க!

— எதை வெச்சு நிறுத்தறது? பக்கெட்! அந்தப் பதினொண்ணாவது வீட்டு வாசல்லயே என் பக்கெட்டு நிக்குது. பக்கத்து வீட்ல ரெண்டு இருக்கு. ரோட்டுக் குறுக்கால வெச்சிடறேன். ஹோய்! நிறுத்துப்பா! நிறுத்து!

— என்னண்ணே இது, நடுரோட்டுல பக்கெட்டு? குடும்பத்தோட துணி துவைக்கப் போறீங்களா?

— கீழ பள்ளம் தம்பி! ரோட்டுக்கு அடியில மண்ணு இல்ல!

— எங்க பள்ளம்? ரோடு பளிங்கு மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் ஆறு மாசமா அடிச்சுக்கிட்டிருக்கோம் அண்ணே. எடுங்க, எடுங்க. கடைசி வீட்டு மாடிக்கு லோடு இறக்கணும். நேரமாச்சு.

— எடுக்க மாட்டேன்.

— வேலைக்காகாதுண்ணே. நம்ம வண்டியைப் பாருங்க. இன்னிக்குத்தான் முதல் லோடு. பதினோரு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டினேன். இது சொந்தம். முதல் நாளே பக்கெட்டைக் காட்டி நிறுத்தறீங்களே, நல்லாவா இருக்கு?

— சொந்த வண்டின்னுதான் சொல்றேன்! பின்னாடி எடு!

— ஓ, தெரிஞ்சுபோச்சு. பக்கெட் மாமா நீங்கதானா? தண்ணியைச் சேர்த்து வைக்கணும், குழாயை மூடணும்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்வீங்களாமே. லாரி தண்ணி வாங்கக் கூடாதுன்னு இதுவா? அண்ணே, நம்ம டேங்க் வால்வுல இருந்து ரோட்டுல சொட்டிக்கிட்டே வருது பாருங்க, அந்தளவு வருமா உங்க பக்கெட்டு?

— வராது தம்பி. சத்தியமா வராது. என் பொண்டாட்டி இப்பத்தான் கணக்குப் போட்டுச் சொன்னா. ஆனா நீ இறங்கி வந்து இந்தக் கம்பியில காதை வை. ஒரு தடவை. அப்புறம் நானே பக்கெட்டை எடுத்துடறேன்.

— ஸ்பீக்கர்ல போடுங்க, நான் பேசறேன்! தம்பி, நான் தண்ணி ஆபீஸ் இன்ஜினியர் பேசறேன். அவர் சொல்றதைக் கேளுங்க.

— அக்காவா? சரி அக்கா. ஆபீஸ்ல இருந்து சொல்றீங்க, ஒரு தடவை கேட்டுட்டுப் போறேன். எங்க வெக்கணும்ணே காதை? இங்கயா?

— இங்க. மூச்சைப் பிடிச்சுக்கோ.

— ...

— கேக்குதா?

— அண்ணே. உள்ள ஆறு ஓடுதுண்ணே.

— பின்னாடி எடுப்பா, பின்னாடி எடு!

— எடுக்கறேன், எடுக்கறேன்! நம்ம வண்டி, நம்ம வண்டி... பின்னால யாரும் இல்லையே? சொல்லுங்கண்ணே, பாத்துச் சொல்லுங்க!

— வா, வா, வா... வலது பக்கம் ஒடி... வா...

— என்னங்க, நான் மூடறேன்.

— பெரியவர் சொல்லிட்டாரா?

— சொல்லல. நான் மூடறேன். பட்டனை அழுத்திட்டேன். சட்டுன்னு மூடினா வேற இடத்துல குழாய் வெடிக்கும், அதனால மெதுவாத்தான் மூடும், பதினோரு நிமிஷம் ஆகும். அது வரைக்கும் யாரையும் அந்தப் பக்கம் விடாதீங்க. கேக்குதா? லாரி போயிடுச்சா?

— முன் சக்கரம் மட்டும்தான் இன்னும்... கம்பம் ஆடுது.

— என்ன?

— லைட் கம்பம் ஆடுது! தம்பி, அழுத்து! அழுத்து! நிக்காதே!

— என்னங்க?... என்னங்க, அது என்ன சத்தம்?... ஹலோ?... ஹலோ! பேசுங்க! யாராவது பேசுங்களேன்! ஏங்க, எனக்குப் பயமா இருக்குங்க, பேசுங்க... பக்கெட்டை எத்தனை வேணாலும் வெச்சுக்கோங்க, வாசல் பூரா வெச்சுக்கோங்க, பேசுங்க...

— அக்கா! அக்கா, நான் லாரிக்காரன்!

— அவர் எங்க?

— இருக்காரு அக்கா, இருக்காரு! சுவர் மேல ஏறி உக்காந்திருக்காரு. எப்படி ஏறினாருன்னு அவருக்கே தெரியல. ஒரு செருப்பு போச்சு. ஃபோன் கீழ விழுந்துச்சு, நான்தான் எடுத்தேன். ஒண்ணும் ஆகலை அக்கா, அழாதீங்க.

— அழலை... நான் அழலை. அவர்கிட்ட குடுங்க.

— இந்தாங்கண்ணே.

— ஹலோ.

— ஏங்க.

— இன்ஜினியரம்மா... ரோடு இல்ல.

— அடிபட்டுச்சா உங்களுக்கு?

— ரோட்டையே காணோம்! ஒரு லாரி நீளத்துக்குக் குழி! கம்பம் தலைகீழா உள்ள கிடக்கு. மூணு பக்கெட்டும் தண்ணியில சுத்துது, ராட்டினம் மாதிரி. அதோ, குழாய் தெரியுது. பக்கவாட்டுல வாயைப் பொளந்துக்கிட்டுப் பீச்சுது. தெருவே வெளிய வந்து நிக்குது!

— யாரையும் பக்கத்துல விடாதீங்க.

— தம்பி லாரியைக் குறுக்க நிறுத்திட்டான். அந்தப் பக்கம் தையல்காரர் நீளத் துணியைப் பிரிச்சுக் குறுக்கால கட்டிட்டார். செவப்புத் துணி. எல்லாரும் சுறுசுறுப்பா இருக்காங்க. நான் மட்டும்தான் இன்னும் சுவர் மேல.

— எட்டு நிமிஷம் ஆச்சு. இன்னும் மூணு நிமிஷம். தண்ணி குறையுதா பாருங்க.

— குறையற மாதிரி... ஆமா, குறையுது! பீச்சறது தாழ்ந்துடுச்சு. தம்பி, குறையுது பார்றா!

— அண்ணே, நம்ம முன் சக்கரம் நின்ன இடம் இப்ப இல்லண்ணே. மூணு அடி! மூணே அடி! இன்னொரு தடவை ஹார்ன் அடிச்சு உங்களைத் திட்டிக்கிட்டு நின்னிருந்தேன்னு வெய்ங்க, வண்டியும் நானும் உள்ள. அக்கா, கேக்குதா? உங்க வீட்டுக்காரர் பக்கெட்டு என் உசிரைக் காப்பாத்திச்சு அக்கா!

— கேக்குது தம்பி.

— நாளையில இருந்து நானும் பக்கெட்லதான் குளிப்பேன். எண்ணுவேன். வால்வுல சொட்டுதே, அதை இன்னிக்கே சரி பண்ணிடறேன்.

— பண்ணுப்பா. ஆனா நியாயமாப் பேசணும். நான் மூணு வருஷமா சேர்த்த தண்ணியெல்லாம் இந்த ஓட்டைக்கு ரெண்டு மணி நேரத்துக்குத்தான் வருது. அவ சொன்னது சரிதான். நான் பக்கெட்ல குளிச்சதால ஊர்ல தண்ணி மிஞ்சிடலை.

— அப்படிச் சொல்லாதீங்க.

— நீதானே சொன்ன?

— கணக்குச் சரிதாங்க. ஆனா நான் கணக்குல விட்டது ஒண்ணு இருக்கு. அஞ்சு ஸ்க்ரீன் வெச்சுக்கிட்டு எனக்குத் தெரியாதது, பக்கெட் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஷவர்ல குளிச்சிருந்தா தண்ணி குறைஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?

— தெரிஞ்சிருக்காது. பாட்டு பாடிக்கிட்டே நின்னிருப்பேன்.

— நல்லவேளை, பாட்டும் நின்னுச்சு.

— சிரிக்கற! அப்பாடா, சிரிச்சுட்ட!

— முழுசா மூடிடுச்சுங்க. ஸ்க்ரீன்ல ஜீரோ காட்டுது.

— இங்கயும் நின்னுடுச்சு. ஒரு சொட்டு இல்ல. தெருவே கை தட்டுது, கேக்குதா? ஃபோனை நீட்டறேன், கேளு! உனக்குத்தான்!

— எனக்கு வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? யாரையும் கேக்காம மூடின பாரு, அந்தத் துணிச்சல் எவனுக்கு வரும்? பெரியவர் என்ன சொல்றார்?

— இப்பத்தான் கூப்பிட்டார். குழி விழுந்தது தெரிஞ்சதும், நல்லவேளை மூடினீங்கன்னார். உடனே மேல வரச் சொல்றார். பாராட்டறதுக்காம்.

— போ, போ! என் பேரையும் சொல்லு. பிழை திருத்துபவர்னு சொல்லு, நடுவுல ஒற்று போட்டுடாதே.

— அக்கா, அந்தப் பெரியவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. இவ்வளவு பெரிய ஓட்டை ஒரே நாள்ல வராதே. குழாயைப் பாக்கறவன்னு எவனாவது இருப்பானில்ல? எவனோ ஒருத்தன் சம்பளம் வாங்கிக்கிட்டு ஏசி ரூம்ல தூங்கியிருக்கான். அவனை முதல்ல பிடிக்கச் சொல்லுங்க.

— கேளு, அதைக் கண்டிப்பாக் கேளு! ஒரு உசிரு போயிருக்கும். யாரோ பொறுப்பில்லாதவன்...

— ஏங்க, ஸ்பீக்கரை அணைங்க.

— அணைச்சுட்டேன். என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு? தண்ணி குடிச்சியா?

— வெறுங்கையோட மேல போகலைங்க. ஒரு தாளை எடுத்துக்கிட்டுப் போறேன். ரெண்டு மாசம் முன்னாடி கசிவு தேடற ஆளுங்க நம்ம தெருவுக்கு வந்தாங்க. தையல் கடை வாசல்ல மணிக்கு அறுபது லிட்டர் கசியுது, தோண்டிப் பாக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க.

— அறுபது லிட்டரா? என் நாலு பக்கெட்டு, ஒரு மணி நேரத்துல!

— ஆமா. அதுக்குக் கீழ, 'இவ்வளவு சின்னக் கசிவுக்குத் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தாங்க.